பெயர் வேறு, முகவரி வேறு, வழி வேறு

வெளியூர் நண்பர் ஒருவருக்குக் கடிதம் எழுதி அஞ்சல் பெட்டியில் போடுகிறோம். உறையின் முதல் வரியில் அவருடைய பெயர் இருக்கிறது. அதன் கீழே கதவு எண், தெரு, ஊர், அஞ்சல் குறியீட்டு எண் ஆகியவை இருக்கின்றன. ஆனால் அக்கடிதம் எந்த வண்டியில் ஏற வேண்டும், எந்த ஊரில் இறங்கி வேறு பைக்கு மாற வேண்டும் என்பதை நாம் எழுதுவதில்லை. அதை வழியிலுள்ள அஞ்சல் ஊழியர்கள் பார்த்துக்கொள்கிறார்கள்.

நண்பர் வீடு மாறினால் முகவரி மாறுகிறது; பெயர் மாறுவதில்லை. வெள்ளத்தினால் ரெயில் பாதை துண்டிக்கப்பட்டுப் பை வேறு வண்டியில் சென்றால் வழி மாறுகிறது, முகவரி மாறுவதில்லை. பெயர், முகவரி, வழி ஆகிய மூன்றும் தனித்தனியாக இருப்பதனால்தான் ஒன்று மாறும்போது மற்றவை கெடாமல் இருக்கின்றன.

இது மிக எளிய செய்தியாகத் தோன்றலாம். ஆயினும், உலகிலுள்ள கணிப்பொறிகளை ஒரே வலையாகப் பின்னியவர்கள் இதை நடைமுறைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 30 ஆண்டுகள் பிடித்தன. முதலில் வழியும், பின்னர் முகவரியும், அதன் பிறகு பெயரும், கடைசியாகக் குடியிருக்கும் வீடும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்தன. அந்த வரலாற்றை அறிந்துகொண்டால், சொந்தமாக ஓர் இணையதளம் தொடங்க விரும்பும் மாணவருக்கு எழும் ஐயங்களில் பாதி தாமாகவே தீர்ந்துவிடும்.

வழி பிறந்தது

டிரங்க் கால் பதிவு செய்து பேசிய காலத்தை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பேசி முடிக்கும் வரை இரண்டு ஊர்களுக்கும் இடையே ஒரு கம்பி வழி அவ்விருவருக்கு மட்டுமே உரியதாக இருக்கும். இடையில் இருவரும் பேசாமல் மௌனமாக இருந்தாலும் அவ்வழியை வேறெவரும் பயன்படுத்த முடியாது. இடையிலுள்ள ஒரு நிலையம் பழுதானால் பேச்சே அறுந்துபோகும்.

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் பணிபுரிந்த பால் பாரன் என்ற பொறியாளரை இந்தக் குறை கவலைக்குள்ளாக்கியது. அணுகுண்டுத் தாக்குதலில் சில தொலைபேசி நிலையங்கள் அழிந்தால் நாட்டின் செய்தித் தொடர்பே நின்றுவிடுமே என்று அவர் எண்ணினார். 1964-இல் அவர் வெளியிட்ட அறிக்கைகளில் ஒரு புதிய திட்டம் இருந்தது. நடுவில் ஒரு தலைமை நிலையமும் அதிலிருந்து கிளைகளும் என்ற அமைப்புக்குப் பதிலாக, மீன் வலையைப் போன்ற அமைப்பு வேண்டும் என்றார். செய்தியைச் சிறு துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றின் மீதும் சேரிடத்தைக் குறித்து அனுப்ப வேண்டும். சுடச்சுடக் கையில் விழுந்த கிழங்கை உடனே அடுத்தவரிடம் தள்ளிவிடுவது போல, ஒவ்வொரு முடிச்சும் தனக்கு வந்த துண்டை அடுத்த முடிச்சுக்குத் தள்ளிவிட வேண்டும். ஒரு வழி அடைபட்டிருந்தால் வேறு வழி. ஒவ்வொரு முடிச்சுக்கும் மூன்று நான்கு இணைப்புகள் இருந்தாலே வலை எளிதில் அறாது என்பதை அவர் கணக்கிட்டுக் காட்டினார்.

இதே காலத்தில், பாரனைப் பற்றி எதுவும் அறியாமலே, இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் டொனால்டு டேவிஸ் என்பவர் 1965-இல் இதே முடிவுக்கு வந்தார். அவருடைய நோக்கம் போர் அன்று. விலை மிகுந்த கணிப்பொறியைத் தொலைவிலிருந்தும் பலர் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதே அவர் விருப்பம். கணிப்பொறி மனிதரைப் போல் தொடர்ந்து பேசுவதில்லை. ஒரு கணம் கொட்டித் தீர்த்துவிட்டு நெடுநேரம் சும்மா இருக்கும். அதற்கென ஒரு கம்பியை முழுதாக ஒதுக்குவது வீண். ஆகவே பலருடைய துண்டுகளும் ஒரே கம்பியில் மாறி மாறிச் செல்லட்டும் என்றார். அத்துண்டுக்கு 'பாக்கெட்' என்று பெயர் சூட்டியவரும் அவரே. நாம் பொட்டலம் எனலாம்.

இத்திட்டத்தைப் பெரிய அளவில் நிறைவேற்றியது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையைச் சேர்ந்த ஆர்ப்பா என்ற ஆய்வு அமைப்பாகும். அணுப்போரைத் தாங்குவதற்காகவே அந்த வலை கட்டப்பட்டது என்று பலர் எழுதுவதுண்டு. அது சரியன்று. அங்கு ஒரு பிரிவின் தலைவராக இருந்த பாப் டெய்லரின் அறையில், மூன்று இடங்களிலுள்ள கணிப்பொறிகளுடன் பேச மூன்று தனித்தனி முனையங்கள் இருந்தன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எதையும் அனுப்ப முடியாது. ஒரே முனையத்திலிருந்து எல்லாவற்றையும் அடைய ஏன் முடியாது என்ற கேள்வியே 1966-இல் இப்பணியைத் தொடங்கி வைத்தது.

பல்கலைக்கழகங்களிலிருந்த பெரிய கணிப்பொறிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகை. அவற்றுக்கும் கம்பிக்கும் இடையே, பொட்டலங்களை வாங்கி அனுப்புவதற்கென்றே ஒரு சிறிய கணிப்பொறி வைக்கப்பட்டது. சிறியது என்றாலும் அதன் எடை ஏறக்குறைய 400 கிலோ! இன்று வீட்டு மூலையில் விளக்குகள் மினுக்கிக்கொண்டிருக்கும் 'ரௌட்டர்' என்னும் சிறு பெட்டியின் பாட்டன் அதுவே. அதன் பின்னால் இருந்த பெரிய கணிப்பொறிக்கு 'ஹோஸ்ட்' என்று பெயர் வழங்கலாயிற்று. விருந்தினரை வரவேற்று உபசரிப்பவர் என்பது அச்சொல்லின் பொருள். கம்பி வழியாக வெளியூரிலிருந்து வருபவர் விருந்தினர். இடம் கொடுக்கும் கணிப்பொறி விருந்தோம்புபவர். இன்று நாம் கேட்கும் 'வெப் ஹோஸ்டிங்' என்ற தொடரின் வேர் இங்கேதான் இருக்கிறது.

1969 அக்டோபர் 29 இரவு 10.30 மணியளவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலிருந்து, 500 கிலோமீட்டருக்கு மேல் தொலைவிலிருந்த ஸ்டான்போர்டு ஆய்வு நிலையத்துக்கு முதல் செய்தி புறப்பட்டது. 'லாகின்' என்ற சொல்லை ஓர் எழுத்தாகத் தட்டினார் சார்லி கிளைன் என்ற மாணவர். 'எல்' சென்றது, 'ஓ' சென்றது, மூன்றாவது எழுத்தின்போது எதிர்முனைக் கணிப்பொறி நின்றுவிட்டது. குறையைச் சரிசெய்து சிறிது நேரத்தில் முழுச் சொல்லும் அனுப்பப்பட்டது. அவ்வாண்டு இறுதிக்குள் நான்கு நிலையங்கள் இணைந்தன. வழியைப் பற்றி அனுப்புபவர் கவலைப்பட வேண்டிய காலம் அத்துடன் முடிந்தது.

முகவரி கிடைத்தது

சிறிது காலத்தில் வேறொரு சிக்கல் எழுந்தது. ஆர்ப்பாவின் வலையைப் போல் வானொலி அலைகளால் இயங்கும் வலையும், செயற்கைக்கோள் வழி இயங்கும் வலையும் தோன்றின. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விதிகள், தனித்தனி முகவரி முறை. அகலப் பாதை வண்டியில் வந்த சரக்கை மீட்டர் பாதைச் சந்திப்பில் இறக்கி மாற்றி ஏற்ற வேண்டியிருந்ததல்லவா? அது போன்ற நிலை.

வின்டன் செர்ஃப், ராபர்ட் கான் ஆகிய இருவரும் 1974 மே மாதத்தில் இதற்கொரு தீர்வை வெளியிட்டனர். எந்த வலையையும் மாற்றியமைக்க வேண்டாம். எல்லா வலைகளுக்கும் பொதுவான ஓர் உறை மட்டும் போதும். அந்த உறையின் மேல் உலகம் முழுவதற்கும் பொதுவான முகவரி இருக்கும். இரண்டு வலைகள் சந்திக்கும் இடத்தில் ஒரு வாயில் அமைத்து, உறையைப் பிரிக்காமல் அடுத்த வலையில் ஏற்றிவிட வேண்டும். வழியில் ஒரு பொட்டலம் தொலைந்தால் என்ன செய்வது? வலை அதைத் தேட வேண்டியதில்லை. பெறுகின்ற கணிப்பொறி எண்ணிப் பார்த்து, குறைவதைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளும். பிரான்ஸ் நாட்டில் லூயி பூசான் அமைத்த வலையில் கிடைத்த அனுபவமும் இக்கருத்துக்குத் துணையாக இருந்தது.

1977 நவம்பர் 22 அன்று கலிபோர்னியாவில் சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு வேனிலிருந்து வானொலி அலையாகப் புறப்பட்ட செய்தி, ஆர்ப்பா வலை வழியே சென்று, செயற்கைக்கோள் மூலம் அட்லாண்டிக் கடலைத் தாண்டி ஐரோப்பாவை அடைந்து, மீண்டும் லாஸ் ஏஞ்சல்ஸ் வந்து சேர்ந்தது. மூன்று வலைகள், உறை ஒன்றே!

இம்முறையின் முழு விதிகள் 1981 செப்டம்பரில் ஓர் ஆவணமாக வெளிவந்தன. பெயர், முகவரி, வழி ஆகிய மூன்றும் வெவ்வேறானவை என்பதை அந்த ஆவணமே தெளிவாகப் பிரித்துக் கூறியது. முகவரி என்பது 0 முதல் 255 வரையிலான நான்கு எண்களின் தொகுப்பு. இவ்வாறு அமையக்கூடிய முகவரிகள் மொத்தம் ஏறக்குறைய 429 கோடி. அன்று இது கடலளவாகத் தோன்றியது. ஆனால் 2011 பிப்ரவரி 3 அன்று உலகப் பொதுக் கையிருப்பிலிருந்த கடைசித் தொகுதிகளும் பங்கிடப்பட்டுவிட்டன. அதற்காகவே மிகப் பெரிய எண்களைக் கொண்ட ஆறாம் பதிப்பு முகவரி முறை வகுக்கப்பட்டு, இப்போது இரண்டும் அருகருகே வழக்கில் உள்ளன.

1983 ஜனவரி முதல் நாள் ஆர்ப்பா வலை முழுவதும் புதிய முறைக்கு மாறியது. மாறாத கணிப்பொறிகள் வலைக்கு வெளியே நின்றன. இணையம் பிறந்த நாள் என்று பலர் குறிப்பிடுவது இந்நாளையே.

பெயர்ப் பட்டியலும் பெயர் மரமும்

எண்களை நினைவில் வைத்துக்கொள்வது கணிப்பொறிக்கு எளிது, மனிதருக்குக் கடினம். ஆகவே ஒவ்வொரு கணிப்பொறிக்கும் ஒரு பெயர் இடப்பட்டது. எந்தப் பெயருக்கு எந்த எண் என்ற பட்டியலை ஸ்டான்போர்டு ஆய்வு நிலையத்தில் எலிசபெத் ஃபைன்லர் என்ற அம்மையாரின் தலைமையில் ஒரு குழு பராமரித்து வந்தது. புதிதாகச் சேர்பவர் அக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். அவர்கள் பெயரைப் பட்டியலில் சேர்ப்பார்கள். மற்ற எல்லாக் கணிப்பொறிகளும் அந்தப் பட்டியலை அவ்வப்போது படியெடுத்துக்கொள்ளும்.

நூறு வீடுகள் உள்ள ஊரில் எல்லோருடைய பெயரையும் கிராம அதிகாரி ஒருவரே அறிந்திருக்கலாம். ஊர் நகரமானால்? பட்டியல் நீண்டது; படியெடுப்பவர்கள் பெருகினர்; ஒருவர் எண்ணை மாற்றினால் அது மற்றவர்களுக்குத் தெரிவதற்குள் பட்டியல் பழையதாகிவிட்டது. பொட்டலங்களுக்குத் தலைமை நிலையம் வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள், பெயர்களை மட்டும் ஒரே மேசையில் குவித்து வைத்திருந்தனர்.

1983 நவம்பரில் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் இதற்கு மாற்று முறையை வெளியிட்டார். பட்டியலுக்குப் பதிலாக மரம். மாநிலம், மாவட்டம், வட்டம், ஊர் என்று பிரிப்பது போலப் பெயர்களையும் கிளை கிளையாகப் பிரித்தார். ஒவ்வொரு கிளையையும் அந்தந்தக் கிளைக்குரியவரே பார்த்துக்கொள்வார். நாம் ஒரு தளத்தின் பெயரைத் தட்டியதும், நம் சார்பில் ஒரு கணிப்பொறி அப்பெயரை வலமிருந்து இடமாகப் படிக்கிறது. முதலில் மரத்தின் வேரிடம் "காம் என்ற கிளையைப் பார்த்துக்கொள்பவர் யார்?" என்று கேட்கிறது. அவரிடம் சென்று அடுத்த சொல்லுக்கு உரியவரைக் கேட்கிறது. அவர் எண்ணைச் சொல்கிறார். இத்தனையும் கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்து முடிகின்றன. கிடைத்த விடையைச் சிறிது காலம் நினைவில் வைத்துக்கொள்வதும் உண்டு. ஒரு தளம் புதிய எண்ணுக்கு மாறினால், சிலருக்குச் சில மணி நேரம் பழைய இடமே தெரிவதற்குக் காரணம் இந்த நினைவுதான்.

காம் என்ற கிளையில் முதன்முதலாக 1985 மார்ச் 15 அன்று சிம்பாலிக்ஸ் என்ற அமெரிக்கக் கணிப்பொறி நிறுவனத்தின் பெயர் பதிவாயிற்று. இன்று 'டொமைன்' வாங்குவதாக நாம் கூறுவது, இம்மரத்தின் ஓர் இலையை நம் பெயரில் பதிவு செய்துகொள்வதே. அதுவும் விலைக்கு வாங்குவதன்று. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை கட்டணம் செலுத்திப் புதுப்பித்துக்கொள்ளும் உரிமையாகும்.

அணைக்கக் கூடாத கணிப்பொறி

ஸ்விட்சர்லாந்தில், ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் அணுத்துகள் ஆய்வுக்கூடத்துக்குப் பல நாட்டு அறிவியலாளர்கள் வந்து போவதுண்டு. அவர்கள் எழுதும் குறிப்புகள் பல கணிப்பொறிகளில் சிதறிக் கிடந்தன. 1989 மார்ச்சில் டிம் பெர்னர்ஸ்-லீ என்ற இளைஞர், ஒரு குறிப்பிலுள்ள சொல்லைத் தொட்டால் வேறொரு கணிப்பொறியிலுள்ள குறிப்பு திறக்கும்படி செய்யலாம் என்று ஒரு திட்டத்தை எழுதிக் கொடுத்தார். தெளிவில்லை, ஆனால் ஆர்வமூட்டுகிறது என்ற பொருள்பட அவருடைய மேலாளர் அதன் மேல் குறிப்பெழுதினார்.

1990 இறுதியில் அத்திட்டம் இயங்கத் தொடங்கியது. பக்கங்களை எழுதும் மொழி, கேட்டு வாங்கும் விதிமுறை, பக்கத்தின் முகவரியைக் குறிக்கும் முறை ஆகிய மூன்றையும் அவர் உருவாக்கினார். பக்கங்கள் இருந்த இடம் அவர் மேசை மேலிருந்த ஒரு கறுப்புக் கணிப்பொறி. இரவில் யாரேனும் அதை அணைத்துவிட்டால் உலகிலிருந்த ஒரே வலைத்தளம் மறைந்துவிடும். எனவே, இது சர்வர், இதை அணைக்காதீர்கள் என்று சிவப்பு மையில் எழுதி அதன் மேல் ஒட்டி வைத்தார்.

வெப் ஹோஸ்டிங் என்றால் என்ன என்பதற்கு இதைவிடச் சிறந்த விளக்கம் வேண்டியதில்லை. எந்நேரமும் மின்சாரத்துடனும் வலையுடனும் இணைந்திருக்கும் ஒரு கணிப்பொறி. அதில் நம் பக்கங்கள். கேட்பவருக்கெல்லாம் அவற்றை எடுத்துக் கொடுக்கும் ஒரு மென்பொருள். அவ்வளவுதான்.

1991 ஆகஸ்டில் பெர்னர்ஸ்-லீ இதை இணையத்தில் எல்லோருக்கும் அறிவித்தார். ஆனால் அன்று களத்தில் இருந்தது இது ஒன்று மட்டுமன்று. அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'கோஃபர்' என்ற முறை இதைவிட விரைவாகப் பரவிக்கொண்டிருந்தது. 1993-இன் தொடக்கத்தில் அப்பல்கலைக்கழகம் தன் மென்பொருளைப் பயன்படுத்தும் சிலரிடம் கட்டணம் பெறப் போவதாக அறிவித்தது. பயனாளர்கள் தயங்கினர். அதே ஆண்டு ஏப்ரல் 30 அன்று செர்ன், தன் வலை மென்பொருளை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று எழுத்து மூலம் அறிவித்தது. 1993 இறுதியில் ஏறத்தாழ 500-ஆக இருந்த வலை வழங்கிகள் 1994 இறுதியில் 10,000-ஆகப் பெருகின. நம் நாட்டில் 1995 ஆகஸ்டு 15 அன்று பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கிடைக்கத் தொடங்கியபோது, முதலில் பெற்ற நகரங்களுள் சென்னையும் ஒன்று.

ஒண்டுக்குடித்தனம்

எல்லோராலும் அணையாத கணிப்பொறியை வீட்டில் வைத்திருக்க முடியுமா? முடியாது. ஆகவே அத்தகைய கணிப்பொறிகளை வரிசையாக அடுக்கி வைத்து வாடகைக்கு விடும் நிறுவனங்கள் தோன்றின. இங்கேயும் ஒரு தடை இருந்தது. பெர்னர்ஸ்-லீயின் தொடக்க விதிமுறையில், வாயிலுக்கு வந்த விருந்தினர் "இந்தப் பக்கத்தைக் கொடுங்கள்" என்று மட்டுமே கேட்பார். யார் வீட்டைத் தேடி வந்தார் என்பதைச் சொல்ல மாட்டார். எனவே ஒரு முகவரி எண்ணில் ஒரு தளம்தான் இருக்க முடியும்.

1997 ஜனவரியில் வெளிவந்த புதிய விதிமுறை, தேடி வந்த தளத்தின் பெயரையும் வாயிலிலேயே சொல்ல வேண்டும் என்று கட்டாயமாக்கியது. ஒரே கதவு எண்ணில் பல குடும்பங்கள் ஒண்டுக்குடித்தனம் இருக்கும் வீட்டில், வந்தவர் பெயரைச் சொன்னால் உரிய அறையைக் காட்டிவிடலாமல்லவா? அது போல ஒரே கணிப்பொறியில், ஒரே எண்ணில், நூற்றுக்கணக்கான தளங்கள் குடியேறின. வாடகை குறைந்தது, பள்ளிகளும் சிறு கடைகளும் தனிமனிதர்களும் தளம் வைத்துக்கொள்ள முடிந்தது. ஒண்டுக்குடித்தனத்தின் தொல்லைகளும் உடன் வந்தன. பக்கத்து அறையில் கூட்டம் கூடினால் நம் தளமும் தடுமாறும். இதைத் தவிர்க்க விரும்புவோர் ஒரு கணிப்பொறியை மென்பொருளால் தடுத்துத் தனி வீடாக்கிய பகுதியையோ, முழுக் கணிப்பொறியையோ வாடகைக்கு எடுக்கிறார்கள். 'கிளவுட்' எனப்படுவதும் தேவைக்கேற்ப மணிக்கணக்கில் எடுக்கும் வாடகைதான். பக்கங்கள் மேகத்தில் இல்லை, யாரோ ஒருவருடைய கட்டிடத்தில்தான் இருக்கின்றன.

வீட்டுக்காரர் கதவை மூடினால்

1994-இல் தொடங்கிய ஜியோசிட்டீஸ் என்ற நிறுவனம் எவருக்கும் இலவசமாக இடம் தந்தது. ஹாலிவுட் போன்ற பேட்டைகளும் அவற்றில் வீட்டு எண்களும் இருந்தன. இலட்சக்கணக்கானோர் தம் ஊரைப் பற்றியும் தொழிலைப் பற்றியும் அங்கே எழுதி வைத்தனர். ஆனால் அவர்களுடைய பக்கங்களின் பெயர் அவர்களுடையதன்று. ஜியோசிட்டீஸ் என்ற பெயரின் கீழ் ஒரு கதவு எண் மட்டுமே. பின்னர் அதை யாஹூ நிறுவனம் வாங்கி, 2009 அக்டோபர் 26 அன்று அமெரிக்காவில் மூடியது. தன்னார்வலர்கள் முடிந்த மட்டும் படியெடுத்து வைத்தனர். எனினும் பிற தளங்களிலிருந்து அப்பக்கங்களுக்குச் சென்ற இணைப்புகள் யாவும் ஒரே நாளில் செத்துப்போயின. தமக்கெனப் பெயர் வைத்திருந்தவர் வேறு வீட்டுக்கு மாறி, பெயர் மரத்தில் எண்ணை மட்டும் திருத்திக்கொள்ள முடியும். வீட்டுக்காரரின் பெயரிலேயே வாழ்ந்தவர்களுக்கு அந்த வழி இல்லை.

பெயர் நம்முடையதாக இருந்தால் மட்டும் போதுமா? 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஒரு பெரிய கணிப்பொறி வாடகை நிலையம் தீக்கிரையானது. இலட்சக்கணக்கான தளங்கள் நின்றன. வேறிடத்தில் படி வைத்திருந்தவர்கள் மீண்டனர். அதே வளாகத்தில் படி வைத்திருந்தவர்களில் சிலர் இரண்டையும் இழந்தனர்.

தளம் தொடங்கும் மாணவருக்கு இவ்வரலாறு கூறும் அறிவுரை மூன்று. டொமைன் பெயரை உங்கள் பெயரிலேயே பதிவு செய்யுங்கள். தளத்தை அமைத்துத் தருபவரின் பெயரில் விடாதீர்கள். பெயரும் வீடும் ஒரே கையில் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். பக்கங்களின் படி ஒன்றை வேறு இடத்தில் உங்களிடமே வைத்திருங்கள்.

பெர்னர்ஸ்-லீயின் அந்தக் கறுப்புக் கணிப்பொறி இன்று காட்சிப் பொருளாகிவிட்டது. அணைக்காதீர்கள் என்ற சீட்டு கிழிந்த நிலையில் இன்னும் அதன் மேல் ஒட்டியிருக்கிறது. அது சர்வராக உழைத்த காலம் முடிந்து பல ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் அது தாங்கியிருந்த 'இன்ஃபோ டாட் செர்ன் டாட் சிஎச்' என்ற பெயரை இன்றும் உங்கள் கணிப்பொறியில் தட்டிப் பாருங்கள். வேறொரு கணிப்பொறி, வேறொரு வழியாக, அந்தப் பக்கத்தைக் கொண்டுவந்து கொடுக்கும்.